கால்சியம் மாத்திரை போட்டால் இன்சுலின் கூடுமா?

கேள்வி: அம்மாவுக்கு சுகர், கிளிமிபிரைடு மாத்திரை போடுகிறார். செல்லுக்குள் கால்சியம் போனால்தான் இன்சுலின் வெளியே வரும் என்று கல்லூரியில் படிக்கும் என் தங்கை சொல்கிறாள். அப்படியானால் கால்சியம் மாத்திரையும் கொடுத்தால் சுகர் குறையுமா?
– வாசகி, தேனி

பதில்: தங்கை சொன்னது சரிதான். ஆனால் கால்சியம் மாத்திரையால் சுகர் குறையாது.

கணையத்தில் இன்சுலினைச் சுரக்கும் பீட்டா செல்லுக்கு வெளியே கால்சியத்துக்குப் பஞ்சமே இல்லை. உள்ளே இருப்பதைப்போல சுமார் 10,000 மடங்கு வெளியே இருக்கிறது, செல் தன் சக்தியைச் செலவழித்து அதை ஓயாமல் வெளியே தள்ளியபடியே இருக்கிறது. அணைக்கட்டில் தண்ணீர் நிற்பது மாதிரிதான், மதகு திறந்தால் போதும். அந்த மதகை எது திறக்கிறது என்பதுதான் விஷயம்.

சாப்பிட்டதும் குளுக்கோஸ் பீட்டா செல்லுக்குள் போய் எரிந்து ஏடிபி என்ற சக்தி மூலக்கூறு கூடுகிறது, அது கூடினால் செல் சவ்வில் உள்ள ஒரு பொட்டாசியம் வழி மூடிக்கொள்கிறது, அதனால் சவ்வின் மின்னழுத்தம் மாறுகிறது, அந்த மாற்றத்தை உணர்ந்து கால்சியம் வழி திறக்கிறது. கால்சியம் உள்ளே பாய்ந்ததும், இன்சுலினை அடைத்து வைத்திருக்கும் நுண்பைகள் சவ்வோடு ஒட்டி உடைந்து, உள்ளே இருப்பதை வெளியே கொட்டுகின்றன.

அம்மா போடும் மாத்திரை அந்தப் பொட்டாசியம் வழியை நேராக மூடிவிடுகிறது. 2004-இல் இங்கிலாந்தின் எக்ஸிட்டரில் ஆண்ட்ரூ ஹேட்டர்ஸ்லியின் குழு, பிறந்து சில மாதங்களிலேயே சர்க்கரை நோய் வரும் குழந்தைகள் பலருக்கு ஒரு மரபணுக் கோளாறால் இந்த வழி மூடாமலே இருப்பதைக் கண்டறிந்தது. அப்புறம் இதே வகை மாத்திரையைக் கொடுத்துப் பார்த்தார்கள். 2006-இல் வெளியான ஆய்வில் 49 பேரில் 44 பேருக்கு இன்சுலின் ஊசியையே நிறுத்த முடிந்தது. வாழ்நாள் முழுக்க ஊசிதான் என்று இருந்த குடும்பங்களுக்கு அது எவ்வளவு பெரிய விடுதலை!

சரி, கால்சியம் மாத்திரைக்கு வருவோம். ரத்தத்தில் கால்சியம் கொஞ்சம் ஏறினாலே கழுத்தில் உள்ள பாராதைராய்டு சுரப்பிகள் தங்கள் ஹார்மோனைக் குறைத்து அளவைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடும். (கவனித்தீர்களா, இங்கே கால்சியம் கூடினால் ஹார்மோன் குறைகிறது, பீட்டா செல்லில் நடப்பதற்கு நேர்மாறு.) எலும்புக்காக டாக்டர் எழுதிக்கொடுத்தால் தாராளமாகப் போடட்டும், சுகருக்காக நீங்களாக வாங்கிக் கொடுக்க வேண்டாம்.

நான் கவலைப்படுவது வேறு ஒன்றுக்கு. அம்மா சாப்பிட்டாரா இல்லையா என்று அந்தச் சுகர் மாத்திரைக்குத் தெரியாது, ரத்தத்தில் குளுக்கோஸ் குறைவாக இருந்தாலும் அது வழியை மூடி இன்சுலினை வரவழைத்துவிடும். மாத்திரை போட்டுவிட்டு விரதம் இருப்பது, சாப்பாட்டைத் தள்ளிப்போடுவது எல்லாம் ஆபத்து. விரதம் இருக்க வேண்டுமென்றால் முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டு அளவை மாற்றிக்கொள்ளட்டும். திடீரென்று வியர்த்து, கை நடுங்கி, படபடப்பு வந்தால் லோ சுகராக இருக்கலாம். நினைவோடு இருந்தால் உடனே சர்க்கரை கரைத்த தண்ணீர் கொடுங்கள், நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். சரியாகிவிட்டாலும் டாக்டரிடம் சொல்லாமல் விட்டுவிடாதீர்கள், இந்த மாத்திரையால் வரும் லோ சுகர் சில மணி நேரத்தில் திரும்பவும் வரக்கூடும்.