மாலையானால் படுத்துவிடும் வயர்லெஸ் நெட்

செல்போன் டவரிலிருந்து சிக்னல் வாங்கும் வீட்டு நெட் காலையில் நன்றாக ஓடி, இரவு 7 மணிக்கு மேல் விட்டு விட்டு வருகிறது, கஸ்டமர் கேரில் ரௌட்டரை அணைத்துப் போடச் சொல்கிறார்கள் என்கிறீர்கள். தினமும் அதே நேரம் என்றால் பெரும்பாலும் டவரில் நெரிசல்தான், அதாவது ஒரே நேரத்தில் நிறையப் பேர் அதைப் பயன்படுத்துவது. அணைத்துப் போட்டால் தீராது. முதலில் லேப்டாப்பை ரௌட்டரோடு கேபிளில் இணைத்து, காலையிலும் இரவிலும் வேகம் பாருங்கள். கோளாறு வீட்டு வைஃபையிலா, டவரிலிருந்து வரும் இணைப்பிலா என்பது தெரிந்துவிடும்.

அப்புறம் ரௌட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தில் ஆர்எஸ்ஆர்பி (RSRP) எண்ணைப் பாருங்கள்; டவர் சிக்னல் எவ்வளவு பலமாக வருகிறது என்பதைக் காட்டும் எண் அது. மைனஸ் 80 என்றால் சிக்னல் அருமை. மைனஸ் 110-க்கும் கீழே (மைனஸ் 115, 120 என்பது போல) என்றால் ரௌட்டரை டவர் பக்கத்து ஜன்னலோரம் நகர்த்துங்கள். சிக்னல் நன்றாக இருந்தும் இரவில் வேகம் விழுந்தால், ஸ்கிரீன்ஷாட்டோடு எழுத்தில் புகார் கொடுங்கள். போனில் பேசிய வரை எனக்கு எதுவுமே நடக்கவில்லை. வேகம் சரியாகும்வரை ஆண்டுச் சந்தா மட்டும் கட்டிவிடாதீர்கள்.