டிரில் பேட்டரியில் ஒரு செல் மட்டும் இறங்கிவிட்டால் சரிசெய்ய முடியுமா?

18 வோல்ட் டிரில் பேட்டரியில் நான்கு செல்கள் 3.9 வோல்ட், ஒன்று மட்டும் 3.3, சார்ஜர் ஏற்க மறுக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

சரிசெய்யலாம். ஐந்து செல்களும் தொடராக இணைந்தவை. ஒன்று பின்தங்கினால் மற்றவை முழுதாக நிரம்பி 4.2 வோல்ட்டைத் தொடும்போதும் அது நிரம்பியிருக்காது. வேலையின்போதும் அதுதான் முதலில் காலியாகும்.

மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் கட்டுப்படுத்தக்கூடிய பவர் சப்ளையை 3.9 வோல்ட், அரை ஆம்பியரில் வையுங்கள். பின்தங்கிய செல்லின் இரு முனைகளில் மட்டும், பிளஸ் மைனஸ் மாறாமல் இணையுங்கள். ஓட்டம் கிட்டத்தட்ட நின்றதும் கழற்றிவிடலாம். பக்கத்திலேயே இருங்கள், செல் சூடானால் உடனே நிறுத்துங்கள். நிரம்பிய செல்லை வயர் போட்டு நேரடியாக இதனோடு இணைக்கும் குறுக்குவழி மட்டும் வேண்டாம், கட்டுப்பாடில்லாமல் மின்சாரம் பாயும்.

2 வோல்ட்டுக்குக் கீழே போய்க் கிடந்த செல் என்றால் நான் தொடவே மாட்டேன். உள்ளே செம்பு கரைந்து, மறுபடி சார்ஜ் ஏற்றும்போது ஷார்ட் ஆகலாம்.

அப்புறம், ஒரு வாரம் சும்மா வைத்து அளந்து பாருங்கள். அதே செல் மறுபடி இறங்கினால் அந்தச் செல் பழுது, அல்லது உள்ளிருக்கும் சர்க்யூட் பலகை அதிலிருந்து மட்டும் மின்சாரம் உறிஞ்சுகிறது.