நாவல் பட்டறை: குறி சொல்கிறவளின் வீடு

புறநகரில் குறி சொல்லிக் குடும்பம் நடத்தும் பெண்ணை நாயகியாக்கி நாவல் எழுதுகிறவர்களின் கேள்விகள் இந்த இதழில். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறோம்.

கே: என் நாயகி செவ்வாய், வெள்ளியில் வீட்டு ஹாலில் குறி சொல்கிறாள். முதல் காட்சியிலேயே வந்தவரின் கஷ்டத்தை அப்படியே சொல்லிவிடுகிறாள், அவர் அசந்துபோகிறார். படித்த தோழிகள் "நம்ப முடியல" என்கிறார்கள். எங்கே சறுக்குகிறது? (குரோம்பேட்டை வாசகி)

ப: அவள் சொல்வதை எழுதியிருக்கிறீர்கள், வந்தவர் கொடுப்பதை எழுதவில்லை. குறியில் பாதிக்கு மேல் கேட்க வந்தவரின் பேச்சுதான்.

காட்சியை வராண்டாவில் தொடங்குங்கள். இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, காத்திருக்கும் நாலு பேர், சொம்பில் தண்ணீர் கொண்டுவரும் மாமியார். "எங்கேர்ந்து வர்றீங்க? வீட்டுக்காரர் வரலையா?" என்று மாமியார் கேட்கும் இரண்டு கேள்வியிலேயே வேண்டியது வந்துவிடும். அது எப்படி உள்ளே போகிறது என்பதை முதல் அத்தியாயத்தில் விளக்க வேண்டாம். கற்பூரத் தட்டை எடுத்துக் கொடுக்கும் சாக்கில் மருமகள் காதோரம் ஒரு சொல், போதும்.

உள்ளே அவள் கண்ணில் படுபவை: கழுத்தில் புது மஞ்சள் கயிறா, தேய்ந்த செயினா, கையில் இருப்பது ஸ்கேன் சென்டர் கவரா, கூட வந்தவர் அம்மாவா, மாமியாரா, இருவரில் முதலில் வாய் திறப்பது யார். பிறகு யாருக்கும் பொருந்துகிற ஒரு வாக்கு: "காசு வருது, கையில தங்க மாட்டேங்குது." அல்லது, "நீ எல்லாருக்கும் செய்யிற, உனக்குச் செய்ய ஆளில்ல." இது எத்தனை பேருக்குப் பொருந்தும் என்று சந்தேகப்பட வேண்டாம். 1948-ல் அமெரிக்க உளவியலாளர் பெர்ட்ராம் ஃபோரர் தன் மாணவர்கள் 39 பேருக்கு, அவரவர் குணத்தை ஆராய்ந்து எழுதியது என்று சொல்லி ஆளுக்கொரு தாள் கொடுத்தார். எல்லாத் தாளிலும் இருந்தது ஒரே வாசகம். அதுவும் கடையில் வாங்கிய ஜோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்தது. எவ்வளவு பொருந்துகிறது என்று 5-க்கு மதிப்பெண் போடச் சொன்னார், சராசரி 4.26.

அடுத்தது, இரண்டு பக்கமும் திரும்புகிற கேள்வி. "வீட்டுல தண்ணியால யாருக்கும் கண்டம் வரலையே?" வந்திருந்தால் "அதான் பாத்தேன்." வரவில்லையா, "வராது, ஆத்தா தடுத்துட்டா." எதிராளியின் முகம் மாறுகிற இடத்தில் அவள் நிற்பாள், மாறாத இடத்தைத் தாண்டிப் போவாள்.

தப்பும் வேண்டும். ஒரு குறிக்குள் ஏழெட்டு ஊகம் என்றால் மூன்றாவது தவறட்டும். தவறும்போது, "உனக்குத் தெரியாது, பங்காளி வீட்டுல விசாரிச்சுப் பாரு" என்று அடுத்த வீட்டுக்குத் தள்ளிவிடுவாள். எல்லாம் பலிக்கிற காட்சிதான் உங்கள் தோழிகளை விரட்டியிருக்கிறது. இரண்டு அத்தியாயம் கழித்து, குறி கேட்டுப் போன பெண் பக்கத்து வீட்டில் சொல்லட்டும்: "எம் புருஷன் பேரையே சொல்லிட்டாங்கக்கா!" வாசகர் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தால் பெயரைச் சொன்னவள் அந்தப் பெண்ணேதான். வந்தவர்கள் தவறியதை மறந்து பலித்ததை மட்டும் ஊர் முழுக்கச் சொல்வதால்தான் இந்தத் தொழில் நடக்கிறது. அதைக் கதாசிரியர் குறுக்கே வந்து சொல்லக் கூடாது.

நீளம்: முழுக் குறியை ஒரே ஒரு முறை, 1,200 சொல்லுக்குள். அடுத்தடுத்த குறிகளில் ஒரு கேள்வி, ஒரு முகம், தட்டில் விழுந்த நோட்டு என்று 150 சொல்லில் கடந்துவிடுங்கள்.

கே: ஊருக்கெல்லாம் சொல்கிறவளுக்குத் தன் மகன் ஆன்லைன் ரம்மியில் கடனாளியானது தெரியவில்லை. இது கதையில் ஓட்டை ஆகிவிடாதா? (கூடுவாஞ்சேரி வாசகர்)

ப: ஆகாது. உங்கள் நாவலின் அச்சாணியே அதுதான்.

மேலே சொன்ன முறை ஓட மூன்று விஷயம் வேண்டும். வந்தவர் அந்நியராக இருக்க வேண்டும். விடை தேடி வந்திருக்க வேண்டும். பொதுவாக விழுந்த சொல்லைத் தன் வாழ்க்கையோடு பொருத்திக்கொள்ள அவரே மெனக்கெட வேண்டும். வீட்டில் மூன்றுமே கிடையாது. மகன் விடை தேடி வரவில்லை, மறைக்க வந்திருக்கிறான். அம்மா எந்த இடத்தில் நிறுத்துவாள், எப்போது முகத்தைப் பார்ப்பாள் என்பது ஒன்பது வயதிலிருந்தே அவனுக்குப் பாடம். அவள் "என்னடா, பணத்துல ஏதாச்சும்..." என்று இழுத்தால், "என்கிட்டயே போட்டுப் பாக்கிறியாம்மா?" என்பான். அந்த வரி வருகிற இடத்தைக் கவனமாகத் தேர்ந்தெடுங்கள். நாவலின் நடுப்பகுதிக்கு முன்னால் வரக் கூடாது.

கஷ்டங்களை அடுக்குவதுதான் பெரும்பாலான கைப்பிரதிகளைக் கெடுக்கிறது. மகனின் கடன், கணவனின் குடி, மகளின் காதல், நாத்தனார் சொத்துத் தகராறு என்று ஆறு தொல்லை வைத்தால் ஒன்றும் வளராது. இரண்டு போதும். ஒன்று பணத்தைத் தொட வேண்டும், மற்றது குறி சொல்லும் இடத்தைத் தொட வேண்டும். உதாரணமாக, பிளஸ் டூ படிக்கும் மகளுக்குப் படிக்க அந்த ஹாலை விட்டால் வேறு இடமில்லை. மாமியாரோடு சண்டை மூண்டால் இன்னும் நல்லது. வராண்டாவில் விசாரிக்க ஆளில்லாமல் அடுத்த வெள்ளிக்கிழமைக் குறி தடுமாறும். அப்படி வீட்டுச் சண்டை நேராகத் தொழிலில் போய் விழ வேண்டும்.

நிஜமான முன்மாதிரி தேவையென்றால் அமெரிக்காவின் ஃபாக்ஸ் சகோதரிகளைப் படியுங்கள். 1848-ல் நியூயார்க் மாநிலத்தின் ஹைட்ஸ்வில் கிராமத்தில், மார்கரெட், கேட் என்ற இரு சிறுமிகள் இருந்த வீட்டில் 'ஆவி தட்டும்' ஓசை கேட்டது. அவர்களுக்கு மிகவும் மூத்த அக்கா லியா அதை மேடைக்குக் கொண்டுபோனாள். 1849-ல் ரோச்செஸ்டர் நகரின் காரிந்தியன் ஹாலில் கட்டணம் வைத்துக் கூட்டம். பிற்காலத்தில் தங்கைகள் இருவரும் குடிக்கு அடிமையானார்கள். 1888-ல் கேட்டின் இரண்டு பிள்ளைகளையும் அதிகாரிகள் அவளிடமிருந்து பிரித்துக் கொண்டுபோனபோது, அதற்குப் பின்னால் அக்கா இருப்பதாகத் தங்கைகள் நினைத்தார்கள். அதே ஆண்டு அக்டோபர் 21 அன்று மார்கரெட் நியூயார்க் மேடையில் ஏறி, அந்த ஓசை கால் விரல் மூட்டைச் சொடுக்கியதுதான் என்று செய்தே காட்டினாள். மறு ஆண்டு அந்த வாக்குமூலத்தையும் திரும்பப் பெற்றாள். ஆவிகளோடு பேசலாம் என்று நம்பிய ஒரு மதத்தையே ஆட்டிவைத்த அந்த வாக்குமூலத்துக்குள் அக்கா தங்கைச் சண்டைதான் இருந்தது. உங்கள் கிளைமாக்ஸுக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

கே: அவளுக்குச் சக்தி உண்டா, இல்லையா? வாசகரிடம் சொல்லிவிட வேண்டுமா? (மதுரை வாசகி)

ப: நீங்கள் முடிவு செய்துகொண்டுதான் எழுத உட்கார வேண்டும். வாசகரிடம் சொல்ல வேண்டியதில்லை.

முழு ஏமாற்றுக்காரி எழுதச் சுலபம், நாற்பது பக்கத்தில் சலித்துவிடுவாள். தன்னை முழுதாக நம்புகிறவளோ, தெரிந்தே கொஞ்சம் கைவேலை சேர்த்துக்கொள்கிறவளோ நீடித்து நிற்பாள். தான் செய்வது தனக்கே தெரியாமல் இருக்குமா என்றால், இருக்கும். 1853-ல் இங்கிலாந்தில், சுற்றி உட்கார்ந்து கை வைத்தால் ஆவி மேசையை நகர்த்தும் என்ற 'மேசை சுற்றும்' கூட்டங்கள் பரவியபோது விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே ஒரு சோதனை செய்தார். கைகளுக்கும் மேசைக்கும் நடுவில் வழுக்கி நகரக்கூடிய அட்டை அடுக்குகளை வைத்தார். மேசைக்கு முன்பே கை நகர்ந்தது தெரிந்தது. உட்கார்ந்திருந்தவர்கள் தாங்கள் தள்ளவில்லை என்று மனதார நம்பியவர்கள். உங்கள் நாயகிக்கும் மாமியார் காதில் போட்ட சொல், ஆத்தா சொன்னதாகவே நினைவில் தங்கலாம்.

கே: கால அளவை எப்படி அமைப்பது? என் கதை எங்கெங்கோ அலைகிறது. (திருநின்றவூர் வாசகர்)

ப: பரிகாரத்தையே நாட்காட்டி ஆக்குங்கள். முதல் அத்தியாயத்தில் ஒருவருக்கு "ஒரு மண்டலம் விளக்குப் போடு, முடிச்சிட்டு வா" என்று சொல்கிறாள். 48 நாள். அவர் திரும்பி வருவதோடு நாவல் முடியட்டும். வெள்ளிக்கிழமை தொடங்கினால் அந்த 48 நாளுக்குள் 7 வெள்ளி, 7 செவ்வாய், ஆகக் குறி நாள் 14. கடைசி நாள் புதன்கிழமையில் விழும். முதல் 18 நாளுக்குள் அமாவாசை வந்தால் இரண்டாவது அமாவாசையும் உள்ளே வந்துவிடும். அன்று கூட்டம் அதிகம், அந்த நாளிலேயே கடன்காரன் கதவைத் தட்டட்டும். குறி நாளுக்கு ஓர் அத்தியாயம், இடையிடையே வீட்டுக்கு ஓர் அத்தியாயம் என்று போனால் 28 அத்தியாயம். ஒவ்வொன்றும் 2,200 சொல் என்றால் 60,000 சொல்லைத் தாண்டிவிடும்.

கே: அருள் வரும்போது அவள் செந்தமிழ் பேசலாமா? (ஆவடி வாசகி)

ப: வேண்டாம். நடையை மாற்றாதீர்கள், மரியாதையை மாற்றுங்கள். வாசலில் "வாங்க, உக்காருங்க" என்றவள், உடம்பு குலுங்கியதும் அறுபது வயதுப் பெரியவரையே "என்னடா மகனே, இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?" என்பாள். அவரும் கைகட்டி "தப்புதான் தாயி" என்பார். ஐந்து நிமிடம் முன்னால் அதே ஆள் "ஏம்மா, இன்னும் எவ்ளோ நேரம்?" என்று அதட்டியிருக்கலாம். அருள் மலையேறியதும் பழைய "வாங்க போங்க" திரும்பிவிட வேண்டும். இங்கேதான் பலர் மறந்துவிடுகிறார்கள். வீட்டுச் சண்டையில் வாய் தவறி அந்த அருள் குரல் வெளிப்பட்டால், மகள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கிப் பார்ப்பாள். அதற்கு விளக்கம் எழுத வேண்டாம்.

கே: போலீஸ் வழக்கு எப்படி வரும்? (விழுப்புரம் வாசகர்)

ப: முதலில் கதை நடக்கும் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். 2024 ஜூலை 1-க்கு முன்னால் நடந்த மோசடி என்றால் இந்திய தண்டனைச் சட்டம் 420. அதற்குப் பிறகு என்றால் பாரதிய நியாய சன்ஹிதா 318. பாத்திரம் பேச்சுவழக்கில் "ஃபோர் ட்வென்டி" என்று திட்டலாம். எஃப்ஐஆரில் தவறக் கூடாது.

குறி கேட்டு 101 ரூபாய் வைத்ததற்காகக் கதையில் வழக்கு வந்தால் யாரும் நம்பமாட்டார்கள். நகையோ பெருந்தொகையோ கைமாற வேண்டும். இன்னொரு வழி, விளம்பரம். 1954-ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டம் தாயத்து, மந்திரம், கவசம் போன்றவற்றால் குறிப்பிட்ட நோய்களைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது. சர்க்கரை நோயும் பெண்களின் மலட்டுத்தன்மையும் அந்தப் பட்டியலில் உண்டு. முதல் முறை ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். தம்பி அக்காவுக்கு உதவுவதாக நினைத்து "சுகர் தீரும், குழந்தை பாக்கியம் கிடைக்கும்" என்று ஃபிளெக்ஸ் அடித்து முனையில் கட்டிவிடுகிறான். குடும்பத் தொல்லையும் வழக்கும் ஒரே முடிச்சில் விழுந்துவிட்டது, பாருங்கள்.

கே: எந்தப் புறநகர் என்று பெயர் சொல்ல வேண்டுமா? (ஊரப்பாக்கம் வாசகி)

ப: சொல்லுங்கள். ஆனால் ஆண்டோடு பொருத்திப் பாருங்கள். 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறப்பதற்கு முன், தெற்கிலிருந்து குறி கேட்க வருகிறவர் பெருங்களத்தூரில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடிப்பார்; அதற்குப் பிறகு வழியே வேறு. தாம்பரம் மாநகராட்சி 2021-ல் வந்தது, அதற்கு முந்தைய கதையில் நகராட்சிதான். முடிச்சூர்ப் பக்கம் வைத்தால் 2015 டிசம்பர் வெள்ளத்தைத் தாண்ட முடியாது. "தண்ணி வர்றது உங்க ஆத்தாவுக்குத் தெரியலையா?" என்று தெருவில் யாராவது ஒருவர் கேட்டிருப்பார். அவள் சொன்ன பதிலை யோசித்து வையுங்கள்.

கே: கடைசியில் அவள் குறி சொல்வதை விட்டுவிடுவதாக முடிக்கலாமா? (சேலம் வாசகர்)

ப: முதலில் வரவு செலவைப் போடுங்கள். ஆளுக்கு 101 ரூபாய், நாளுக்கு 8 பேர், மாதம் 9 குறி நாள் என்றால் 7,272 ரூபாய். எலுமிச்சை, கற்பூரம், பூ, எண்ணெய்க்கு 900 போனால் கையில் ஏறக்குறைய 6,400. அது வீட்டு வாடகையா, மகளின் டியூஷன் ஃபீஸா, மகனின் கடனுக்கு வட்டியா என்பதை முன்பே காட்டியிருக்க வேண்டும். பணம் ஜிபேயில் யார் கணக்குக்குப் போகிறது என்பதும் முக்கியம். க்யூஆர் அட்டை கணவன் பெயரில் இருந்தால், அவள் சம்பாதித்ததை அவள் பார்ப்பதே இல்லை. விடச் சொல்கிறவர் அந்த 6,400-க்கு மாற்று வழி சொல்லாவிட்டால் அவள் விடமாட்டாள். தையல் மெஷின் வாங்கிப் பிளவுஸ் தைப்பதாக முடிப்பீர்கள் என்றால், மெஷினை பத்தாம் அத்தியாயத்திலேயே ஹால் மூலையில் கொண்டுவந்து வையுங்கள். குறி கேட்க வருகிறவர்கள் அதன்மேல் பையை வைத்துவிட்டுப் போகட்டும்.