கிராக்கர்: ஃபிட்ஸ் பற்றிய கேள்விகளும் பதில்களும்

பிரிட்டனின் ஐடிவி-யில் 1993 முதல் 1995 வரை மூன்று சீசன்கள் ஓடிய தொடர் ‘கிராக்கர்’. மான்செஸ்டர் போலீசுக்கு உதவும் உளவியலாளர் ஃபிட்ஸ் வேடத்தில் ராபி கோல்ட்ரேன். எழுதியவர்களில் முதன்மையானவர் ஜிம்மி மெக்கவர்ன். சில பதில்களில் கதை முடிவு வெளியே வந்துவிடும். தொடரைப் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.

கே: அண்ணா, எங்கிருந்து ஆரம்பிப்பது? நேராக நல்ல எபிசோடுக்குப் போய்விடலாமா?

போகாதீர்கள். முதல் கதையிலிருந்து வரிசையாகத்தான் பார்க்க வேண்டும். மூன்று சீசன்களில் மொத்தமே ஒன்பது கதைகள், ஒவ்வொன்றும் இரண்டு அல்லது மூன்று பாகம். ஒரு கதையில் நடந்ததன் பலனை யாரோ ஒருவர் அடுத்த கதையில் அனுபவிப்பார். இடையில் நுழைந்தால் போலீஸ்காரர்கள் ஏன் ஒருவரையொருவர் அப்படி முறைத்துக்கொள்கிறார்கள் என்றே புரியாது. முதல் கதை ரயிலில் நடந்த கொலை பற்றியது. தண்டவாளத்தின் அருகே நினைவு தப்பிய நிலையில் ஒருவன் கிடக்கிறான், தான் யாரென்றே அவனுக்குத் தெரியாது. இயக்கியவர் மைக்கேல் வின்டர்பாட்டம்.

கே: குற்றத்தை வைத்துக் குற்றவாளியின் குணத்தைக் கணிக்கும் ‘ப்ரொஃபைலிங்’ தொடர் என்று சொன்னார்கள். ஆனால் இந்த ஆள் எப்போதும் பேசிக்கொண்டே இருக்கிறார், அவ்வளவுதான். வரைபடம், புள்ளிவிவரம், கொலையாளியின் குணப்பட்டியல் ஒன்றையும் காணோமே?

சரியாகத்தான் கவனித்திருக்கிறீர்கள். கொலையாளி யார் என்பது பெரும்பாலான கதைகளில் நமக்கு ஆரம்பத்திலேயே தெரிந்துவிடும். போலீசுக்கு எப்போது தெரியும், அதற்குள் இன்னும் எத்தனை பேர் சாவார்கள் என்பதில்தான் பதற்றம். ஃபிட்ஸின் களம் விசாரணை அறை. மேசைக்கு எதிரே இருப்பவனின் அவமானம், காமம், கோபம் எதுவானாலும் தனக்கும் அது உண்டு என்று சொல்லித்தான் உள்ளே நுழைவார். சூதாட்டத்தில் வீட்டையே அடகு வைத்தவர், குடிகாரர், ஓயாமல் புகைப்பவர். அதனால் அவர் அப்படிச் சொல்லும்போது எதிரே இருப்பவனும் நம்புகிறான், நாமும் நம்புகிறோம். முதல் கதையில் வகுப்பெடுக்க வந்து தத்துவ அறிஞர்களின் புத்தகங்களை ஒவ்வொன்றாக மாணவர்கள் பக்கம் வீசி எறிவாரே, அந்தக் காட்சியிலேயே ஆள் யாரென்று சொல்லிவிடுகிறார்கள்.

கே: சார், நிஜத்தில் ஓர் உளவியலாளரை இப்படிச் சந்தேக நபரோடு உட்கார வைப்பார்களா?

மாட்டார்கள். இங்கிலாந்தில் 1984-இல் வந்த போலீஸ் சட்டத்துக்குப் பிறகு விசாரணையை ஒலிப்பதிவு செய்வதும் வழக்கறிஞர் உடனிருக்கும் உரிமையும் நடைமுறைக்கு வந்துவிட்டன. வெளியாள் ஒருவர் வந்து மேசையைத் தட்டி மிரட்டினால் அந்த வாக்குமூலம் நீதிமன்றத்தில் நிற்காது. உளவியலாளரின் வேலை போலீசுக்குப் பின்னால் உட்கார்ந்து ஆலோசனை சொல்வது.

அங்கே இந்தத் துறைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தவர் டேவிட் கான்டர். லண்டனில் ரயில் நிலையங்களை ஒட்டி நடந்த பாலியல் தாக்குதல்களையும் கொலைகளையும் 1986-இல் தேதி வாரியாக வரைபடத்தில் குறித்துப் பார்த்தார். தொடக்க காலக் குற்றங்கள் நடந்த வட்டாரத்திலேயே குற்றவாளியின் வீடு இருக்கும், கில்பர்ன் பக்கம் தேடுங்கள் என்றார். ஏற்கெனவே இருந்த நீண்ட சந்தேகப் பட்டியலில் கீழே கிடந்த ஜான் டஃபி என்ற பெயர் மேலே வந்தது. 1988-இல் தண்டனை. கான்டரின் முறை பொறுமையானது, நாடகத்துக்குச் சற்றும் ஒத்துவராது.

கே: ஆல்பி கதையைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் தூக்கம் வரவில்லை. ஒரு கொலைகாரன் மேல் எனக்கு ஏன் இவ்வளவு இரக்கம் வருகிறது?

வரவேண்டும் என்றுதான் எழுதியிருக்கிறார்கள். 1994-இல் வந்த இரண்டாவது சீசனின் முதல் கதை அது. அப்பாவைப் புதைத்துவிட்டு வந்த ஒரு தொழிலாளி. கடையில் நாலு பென்ஸ் குறைகிறது, கடைக்காரர் விட்டுக்கொடுக்கவில்லை. அதற்குப் பிறகு தலையை மொட்டையடித்துக்கொண்டு திரும்பி வந்து அவரைக் கொல்கிறான்.

அவன் விட்டுச்செல்லும் எண் 9615489. ஃபிட்ஸ் அதைப் பிரித்துப் படிப்பார்: 96 பேர், 15-4-89. ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் லிவர்பூல் ரசிகர்கள் நெரிசலில் சிக்கி இறந்த நாள். குடித்துவிட்டுக் கலாட்டா செய்த ரசிகர்கள்தான் காரணம் என்று ஒரு பத்திரிகை முதல் பக்கத்தில் போட்டது, போலீஸ் தரப்பும் அதையே சொன்னது. ரசிகர்கள் மேல் தவறில்லை, அவர்கள் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள் என்று விசாரணை மன்ற ஜூரி சொல்ல 2016 வரை ஆனது. (எண்ணிக்கை இப்போது 97.) மெக்கவர்ன் லிவர்பூல்காரர். அதிகாரபூர்வமான தீர்ப்புக்கு இருபது வருடத்துக்கும் முன்பே, ஒரு கொலையாளியின் வாயில் அந்த நியாயத்தை வைத்தார். அது துணிச்சல்தான், ஆனால் எனக்கு இன்னும் நெருடும் இடமும் அதுவே. ஆல்பியின் துயரம் உண்மை. ஆனால் முதலில் செத்தது பாகிஸ்தானிலிருந்து வந்து கடை நடத்திய ஒரு மனிதர். தொடர் அவரை மறக்கவில்லை, பார்க்கிற நாம்தான் ஆல்பியாக வரும் ராபர்ட் கார்லைலின் நடிப்பில் மறந்துவிடுகிறோம்.

கே: பில்பரோவைக் கொன்றது அநியாயம்!

போலீஸ் குழுவின் தலைவர் பில்பரோவாக நடித்த கிறிஸ்டோபர் எக்லஸ்டன் தொடரை விட்டுப் போக விரும்பினார், அதனால் ஆல்பி கதையில் அந்தப் பாத்திரத்தைக் கொன்றார்கள். குத்துப்பட்டுத் தெருவுக்குத் தவழ்ந்து வந்து, வயர்லெஸ்ஸில் தன் மரண வாக்குமூலத்தைத் தானே சொல்லும் அந்தக் காட்சிக்காக மன்னித்துவிடலாம்.

கே: முதல் சீசன் கடைசிக் கதை எனக்குப் புரியவில்லை. ஆசிரியர் ஒப்புக்கொண்டுவிட்டார், பிறகு இல்லை என்கிறார். அப்படியே முடித்துவிட்டார்களே?

முடிக்கவில்லை, அதுதான் முடிவு. சிறுவனின் கொலையில் ஆசிரியர் காசிடியை ஃபிட்ஸ் தன் முழுத் திறமையையும் காட்டி உடைக்கிறார். வாக்குமூலம் கிடைக்கிறது. அப்புறம்தான் தெரிகிறது, அவர் செய்யவில்லை. இதே பில்பரோவிடம் போய்ச் சொன்னால் பின்வாங்க மறுக்கிறார். உள்ளே ஒரு நிரபராதி, வெளியே ஒரு கொலையாளி.

1993 நவம்பரில் இது ஒளிபரப்பானதை மறக்காதீர்கள். ஐ.ஆர்.ஏ குண்டுவெடிப்பு வழக்குகளில் சிக்கிய கில்ட்ஃபோர்ட் நால்வரும் பர்மிங்காம் அறுவரும் பொய் வாக்குமூலங்களால் பல வருடம் சிறையில் கழித்து, 1989-இலும் 1991-இலும் வெளியே வந்திருந்தார்கள். அதே 1993-இல், லண்டனின் விம்பிள்டன் காமன் என்ற திறந்தவெளியில் நடந்த கொலை வழக்கில் ஒருவர் விசாரணைக் கைதியாக உள்ளே இருந்தார். உளவியலாளர் ஒருவரின் ஆலோசனைப்படி, ஒரு பெண் போலீஸ் மாறுவேடத்தில் காதலியாக நடித்து மாதக்கணக்கில் அவரைப் பேச வைத்திருந்தார். அந்த மனிதர் கடைசிவரை கொலையை ஒப்புக்கொள்ளவில்லை. 1994 செப்டம்பரில் நீதிபதி அந்தச் சாட்சியத்தைத் தூக்கி எறிந்தார். உண்மையான குற்றவாளி ராபர்ட் நாப்பர், 2008-இல் ஒப்புக்கொண்டான். இடைப்பட்ட காலத்தில், 1993-இலேயே, ஒரு தாயையும் குழந்தையையும் கொன்றிருந்தான். காசிடி கதையை நிஜம் இவ்வளவு நெருக்கமாகத் தொடரும் என்று எழுதியவரே எதிர்பார்த்திருக்க மாட்டார்.

கே: ஃபிட்ஸாக நடிப்பவர் ஹாரி பாட்டர் படங்களின் ஹாக்ரிட் தானே?

அவரேதான். ஃபிட்ஸ் வேடத்துக்காக பிரிட்டனின் பாஃப்டா விருதை மூன்று வருடம் தொடர்ந்து வாங்கினார். 2022-இல் காலமானார். இந்தத் தொடரில் பெண் போலீஸ் பென்ஹாலிகனாக வரும் ஜெரால்டின் சாமர்வில்தான் அந்தப் படங்களில் ஹாரியின் அம்மா லிலி.

கே: ‘வயர் இன் த பிளட்’ பார்த்தவன் நான். டோனி ஹில்லா, ஃபிட்ஸா?

வால் மெக்டெர்மிட்டின் நாவல்களிலிருந்து வந்த தொடர் அது, ராப்சன் கிரீன் நடித்தது. டோனி ஹில் கொலையாளியாகத் தன்னைக் கற்பனை செய்துகொண்டு தனக்குள் பேசுகிறவர். நீங்கள் தேடிய ப்ரொஃபைலிங் அங்கேதான் அதிகம் கிடைக்கும். கொலைகள் மட்டும் போகப்போக அலங்காரமாகிவிட்டன. என் ஓட்டு ஃபிட்ஸுக்கு.

கே: பின்னால் வந்த சிறப்புக் கதைகளைப் பார்க்கலாமா?

1996-இல் வந்த ஹாங்காங் கதையை விட்டுவிடலாம், மான்செஸ்டர் மழை இல்லாமல் ஃபிட்ஸ் எடுபடவில்லை. 2006-இல் வந்தது மகள் கல்யாணத்துக்காக ஆஸ்திரேலியாவிலிருந்து திரும்பும் ஃபிட்ஸின் கதை. கொலையாளி வட அயர்லாந்தில் பணியாற்றிய முன்னாள் ராணுவ வீரன். அரசியல் கொஞ்சம் உரக்கப் பேசும், பழைய போலீஸ் குழுவும் இருக்காது. கோல்ட்ரேனுக்காக ஒருமுறை பாருங்கள். 1997-இல் அமெரிக்காவில் மறுபடி எடுத்ததைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நல்லது.