முதல் நாளுக்கு டிக்கெட் வேண்டாம்

கேள்வி: கிழக்கு நோக்கி 14 மணி நேர விமானப் பயணம். எங்கள் ஊருக்கும் அந்த நகரத்துக்கும் 8 மணி நேர வித்தியாசம். அங்கே காலை 6 மணிக்கு இறங்குகிறோம். ஹோட்டல் அறை பிற்பகல் 3 மணிக்குத்தான் கிடைக்கும். 5 நாள்தான் இருக்கப்போகிறோம், முதல் நாளை வீணாக்க மனமில்லை. 11 மணிக்கு அருங்காட்சியகம், 2 மணிக்கு வழிகாட்டியோடு நகர்வலம், இரவு 8 மணிக்குப் படகு சவாரி என்று முன்பதிவு செய்துவிடலாமா? 66 வயதான அம்மாவும் உடன் வருகிறார்.

பதில்: மூன்றில் ஒன்றுகூட வேண்டாம். நேரம் குறித்த டிக்கெட் எதுவும் முதல் நாளில் இருக்கக் கூடாது. விமானம் சில மணி நேரம் தாமதமானாலே 11 மணி டிக்கெட் காலி. தாமதமாகவில்லை என்றாலும், நீங்கள் இறங்கும்போது உங்கள் உடலுக்கு முந்தைய நாள் இரவு 10 மணி. அருங்காட்சியகத்தில் நிற்கும்போது அதற்கு நள்ளிரவு தாண்டி 3 மணி. மங்கலான, கதகதப்பான கூடத்தில் அந்த நேரத்துக்கு எந்த ஓவியமும் மனதில் பதியாது. அதை இரண்டாம் நாள் பிற்பகலுக்கு மாற்றுங்கள். படகை மூன்றாம் நாள் வைத்துக்கொள்ளலாம்.

வெளிச்ச விஷயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 'இறங்கியதும் வெயிலில் நட, ஜெட்லாக் (நேர வித்தியாசத்தால் வரும் தூக்கக் குழப்பம்) ஓடிவிடும்' என்று உங்களிடமும் யாராவது சொல்லியிருப்பார்கள். உங்கள் பயணத்துக்கு அது தலைகீழ். உடல் வெப்பம் மிகவும் குறைவது வழக்கமாக விழிக்கும் நேரத்துக்கு 2, 3 மணி நேரம் முன்பு. பெரும்பாலோருக்கு அதிகாலை 4, 5 மணி வாக்கில். அதற்கு முன் கண்ணில் படும் வெளிச்சம் உடல் கடிகாரத்தைப் பின்னால் தள்ளும், அதாவது தூக்கம் இன்னும் தாமதமாக வரும்; அதற்குப் பின் படுவது முன்னால் இழுக்கும், தூக்கம் சீக்கிரம் வரும். கிழக்கே போகிறவருக்கு வேண்டியது முன்னால் இழுப்பது. உங்கள் ஊரின் அதிகாலை 4, 5 மணி என்பது அங்கே பகல் 12, 1 மணி. அதனால் மதியம் 1 மணி வரை கூலிங் கிளாஸ், தொப்பி, நிழல், உட்புறம். 1 மணிக்கு மேல் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வெளியே வாருங்கள். 4 மணி வரை திறந்த வெளியில் இருங்கள். மேகமூட்டமாக இருந்தாலும் பரவாயில்லை, அறை விளக்கைவிட அது பல மடங்கு பிரகாசம்.

காலை நேரத்தை எடுபிடி வேலைகளுக்கு ஒதுக்கிவிடுங்கள். ஹோட்டலுக்கு இப்போதே மின்னஞ்சல் அனுப்பி இரண்டு கேள்வி கேளுங்கள்: காலை 8 மணிக்கே லக்கேஜை வைத்துவிட்டுப் போகலாமா, அறை கிடைக்கும் முன் குளிக்க இடம் உண்டா. பல ஹோட்டல்களில் லக்கேஜை வாங்கி வைத்துக்கொள்வார்கள். குளியலுக்குத்தான் உறுதி இல்லை. மாற்றுச் சட்டை, உள்ளாடை, காலுறை, பல் துலக்கும் பொருள்கள், மருந்து, சார்ஜர் எல்லாம் கைப்பையில் மேலாக இருக்கட்டும். இல்லாவிட்டால் வரவேற்பறைத் தரையில் பெரிய பெட்டியைப் பரப்பிவைத்துக் காலுறை தேட வேண்டிவரும்.

அடுத்து பணம். ஒரு வங்கி ஏடிஎம்மில் சிறு தொகை எடுத்து, கார்டு வேலை செய்கிறதா என்று பாருங்கள். 'உங்கள் நாட்டுப் பணத்திலா, உள்ளூர்ப் பணத்திலா' என்று இயந்திரம் கேட்டால் உள்ளூர்ப் பணம் என்றே அழுத்துங்கள். மற்றதில் மாற்று விகிதம் பெரும்பாலும் நமக்குப் பாதகமாகவே இருக்கும். பிறகு பஸ்ஸிலோ மெட்ரோவிலோ இரண்டு நிறுத்தம் போய்த் திரும்புங்கள். சில நகரங்களில் டிக்கெட் வாங்கினால் மட்டும் போதாது, ஏறும் முன்போ ஏறியதுமோ ஒரு சிறு இயந்திரத்தில் முத்திரை பதிக்க வேண்டும். தவறினால் அபராதம், தெரியாது என்று சொன்னாலும் எடுபடாது. அவசரமில்லாத நேரத்திலேயே இதைப் பழகிவிடுவது நல்லது.

பிற்பகல் நடை ஹோட்டலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் போதும். மருந்துக்கடை, மளிகைக்கடை, பஸ் நிறுத்தம், உட்கார ஒரு பூங்கா: இவ்வளவையும் கண்டுபிடித்தாலே அடுத்த 4 நாளும் பாதி சுலபம். ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு முறை திரும்பிப் பாருங்கள். திரும்பி வரும்போது தெரு வேறு மாதிரி இருக்கும். சாலையைக் கடக்கும்போது இரண்டு பக்கமும் பாருங்கள். வண்டிகள் எந்தப் பக்கம் வருகின்றன என்பது தூக்கக் கலக்கத்தில் பழைய பழக்கப்படியேதான் மனதில் ஓடும். வரைபடத்தை இணையம் இல்லாமலே திறக்கும்படி முன்கூட்டியே இறக்கிவையுங்கள். ஹோட்டல் முகவரி உள்ளூர் எழுத்தில் ஒரு தாளில் அம்மாவிடமும் இருக்கட்டும். வாடகைக் கார் எடுத்து ஓட்டும் எண்ணமிருந்தால் அன்று கண்டிப்பாக வேண்டாம்.

அம்மாவின் கால்கள் வீங்கியிருக்கலாம். நீண்ட நேரம் உட்கார்ந்ததில் இரண்டு கணுக்காலும் ஒரேபோல் வீங்குவது சகஜம், நடக்க நடக்க வடியும். பழகிய, சற்றுத் தளர்வான செருப்பே போதும், புதுக் காலணி ஆகாது. ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள்; ரத்தக்கட்டாக இருக்கலாம், காத்திருந்து பார்க்கக் கூடாது. அவர் இன்சுலின் போன்ற நேரம் தவறக் கூடாத மருந்து எடுப்பவராக இருந்தால், புது நேரக் கணக்கைக் கிளம்பும் முன்பே மருத்துவரிடம் எழுதி வாங்கிவிடுங்கள்.

4 மணிக்கு மேல் அறைக்குப் போனதும் கட்டில் இழுக்கும். அலாரம் வைத்து 20 நிமிடம் மட்டும் படுங்கள். அதைத் தாண்டினால் ஆழ்ந்த தூக்கத்தில் போய்விடுவீர்கள். எழுந்தால் தலை கனக்கும், இரவும் கெடும். எழுந்து மறுபடி ஒரு சுற்று வெளியே போய்விட்டு வரலாம். காப்பி மதியத்தோடு நிற்கட்டும். குடித்து 5 மணி நேரம் கழித்தும் அதில் ஏறக்குறைய பாதி உடலில் இருக்கும். இரவு உணவு லேசாக, 7 மணிக்குள். 9 மணி வரை தாக்குப்பிடித்துவிட்டுப் படுங்கள்.

முதல் இரவு களைப்பே தூங்கவைத்துவிடும். ஆனால் 2, 3 மணிக்கு முழு விழிப்பு வரக்கூடும், ஏனென்றால் உடலுக்கு அது மாலை 6, 7 மணி. போனைத் தொடாமல் இருட்டிலேயே படுத்திருங்கள். இரண்டாம் இரவு இன்னும் மோசமாக இருக்கலாம், பயப்பட ஒன்றுமில்லை. உடல் கடிகாரம் ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம்தான் நகரும். அதனால் இரண்டாம் நாள் கூலிங் கிளாஸைக் கழற்றும் நேரம் மதியம் 12, மூன்றாம் நாள் 11.