அகழி ஓரத்து நடையும் பெங்களூரு வேலையும்

கேள்வி: எனக்கு 39 வயது. திருமணம் ஆகவில்லை. வேலூர் வேலப்பாடியில் அம்மாவோடு வாடகை வீட்டில் இருக்கிறேன். பெரிய ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு தனியார் லேபில் பதினாறு வருடமாக டெக்னீஷியன் வேலை. இப்போது பெங்களூருவில் ஒரு லேபில் சூப்பர்வைசராகக் கூப்பிடுகிறார்கள். சம்பளம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அண்ணன் குடும்பத்தோடு அங்கேதான் இருக்கிறார். "இன்னா கீது அந்த ஊர்ல? சாமி இல்லாத கோயில், தண்ணி இல்லாத ஆறு. மூட்டையைக் கட்டிகினு வா" என்கிறார். சித்தி, "கல்யாணம் ஆகியிருந்தா என்னைக்கோ ஊரை விட்டுப் போயிருப்ப. இதுக்குப் போய் அழுவுறியே" என்கிறார். அப்பா இருந்தவரை தினமும் விடியற்காலையில் இருவரும் கோட்டைக்கு நடக்கப் போவோம். அவர் காலமாகி மூன்று வருடம் ஆகிறது. இன்றும் அகழி ஓரமாக நடந்தால்தான் எனக்குப் பொழுது விடிந்த மாதிரி இருக்கிறது. லேபுக்கு வரும் வங்காளிகளிடம் பேசிப் பேசி அவர்கள் மொழியே எனக்கு வந்துவிட்டது. வழி சொல்வேன், லாட்ஜ் காட்டுவேன். இதையெல்லாம் விட்டுப் போக மனம் வரவில்லை. போகாவிட்டால் இங்கேயே தேங்கிவிடுவேனோ என்றும் பயமாக இருக்கிறது. அம்மாவுக்கு 67 வயது. அவரையும் அழைத்துப் போய்விடலாம். மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். என்ன செய்வது?

- வேலூர் வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் உங்கள் சித்தி சொன்னதற்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் அதிகம் வலித்த இடம் அதுதான். நம் வீடுகளில் பெண் என்றால் ஊரை விட்டுப் போகிறவள் என்று பிறக்கும்போதே எழுதி வைத்துவிடுகிறார்கள். பையன் வெளியூர் போனால் வழியனுப்ப ஸ்டேஷன் வரை கூட்டம் வரும். பெண் போனால் அது கல்யாணச் சாப்பாட்டோடு முடிந்துவிடும். அவளுக்கும் ஒரு தெரு, ஒரு கோயில், ஒரு பஸ் ஸ்டாப் பிடித்திருக்கும் என்று யாரும் கேட்பதில்லை. நீங்கள் 39 வயது வரை ஒரே ஊரில் இருந்து, அந்த ஊரை ஆசையாகப் பார்த்திருக்கிறீர்கள். அழுகை வருவது நியாயம். அதற்காக யாரிடமும் வெட்கப்பட வேண்டாம்.

உங்கள் அண்ணனுக்கும் ஒரு பதில் உண்டு. சாமி இல்லாத கோயில் என்பது பழைய பேச்சு. கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயில் பல தலைமுறைகள் மூலவர் இல்லாமல் கிடந்தது உண்மைதான். சத்துவாச்சாரியில் இருந்த லிங்கத்தை 1981-இல் கொண்டுவந்து பிரதிஷ்டை செய்தார்கள். அதற்குப் பிறகு அங்கே பூஜை நடக்காத நாள் இல்லை. உங்கள் அப்பா அந்த வருடத்தைப் பார்த்த தலைமுறை. நடக்கும்போது உங்களிடம் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன். அவர் சொல்லும் தண்ணீர் இல்லாத ஆறான பாலாற்றில் 2021 நவம்பரில் வந்த வெள்ளம் விரிஞ்சிபுரம் தரைப்பாலத்தையே அடித்துக்கொண்டு போனது. 2024 கோடையில் பெங்களூருக்காரர்கள் குடத்தோடு டேங்கர் லாரிக்குக் காத்து நின்றதும் அண்ணனுக்குத் தெரியும். ஊரைப் பழித்து ஒருவரை ஊரை விட்டுக் கிளப்ப முடியாது. பழிக்கப் பழிக்க, பிடிவாதம்தான் கூடும். உங்கள் தயக்கத்தில் ஒரு பாதி அண்ணன் மேல் உள்ள கோபமோ என்று எனக்குச் சந்தேகம்.

சரி, வேலைக்கு வருவோம். நீங்கள் போக வேண்டும் என்பதுதான் என் எண்ணம்.

காரணத்தை மறைக்காமல் சொல்கிறேன். இருப்பது வாடகை வீடு. அப்பா இல்லை. இனி வேலை செய்ய இருபது வருடம் இருக்கிறது. வயதான காலத்தில் உங்களுக்குக் கை கொடுக்கப்போவது நீங்கள் சேர்த்து வைக்கும் பணம்தான். சின்ன லேபில் பதினாறு வருடம் இருந்தவருக்கு மேலே ஏற அடுத்த படி இருக்காது. அதனால்தான் தேங்கிவிடுவேனோ என்று எழுதினீர்கள். அந்தப் பயம் பொய்யில்லை. சூப்பர்வைசர் வேலை இன்னொரு முறை உங்களைத் தேடி வரும் என்று நம்பி உட்கார்ந்திருக்க முடியாது. ஆனால் சம்பளம் இரண்டு மடங்கு என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். பெங்களூருவில் வீட்டுக்கு ஐந்து மாத வாடகை, சில இடங்களில் பத்து மாத வாடகை வரை அட்வான்ஸ் கேட்பார்கள். வாடகை, போக்குவரத்து, மாதம் இரண்டு முறை ஊருக்கு வந்து போகும் செலவு எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கழித்துப் பாருங்கள். மிச்சம் இப்போது நீங்கள் சேர்ப்பதை விடக் கணிசமாக அதிகம் இருந்தால் மட்டும் போங்கள். இல்லை என்றால் இந்தப் பதிலின் மீதியைப் படிக்க வேண்டிய அவசியமே இல்லை.

வங்காளம் பேச வரும் என்று எழுதினீர்கள் அல்லவா, அந்த வரியை நான் இரண்டு மூன்று முறை படித்தேன். 1900-இல் ஒரே ஒரு கட்டிலோடு டாக்டர் ஐடா ஸ்கடர் தொடங்கியது உங்கள் ஊர் சி.எம்.சி. ஆஸ்பத்திரி. அவர் ராணிப்பேட்டையில் பிறந்தவர். அமெரிக்காவில் படித்தவர். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று இளம் வயதில் இந்தியாவுக்குத் திரும்பி வந்தபோது, தங்கும் எண்ணமே அவருக்கு இல்லை. அவர் தங்கியதால்தான் இன்று கொல்கத்தாவிலிருந்தும் அசாமிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் பையும் ஃபைலுமாக ஜனங்கள் காட்பாடியில் இறங்குகிறார்கள். காந்தி ரோட்டில் வங்காள எழுத்தில் ஹோட்டல் போர்டு தொங்குகிறது. மொழி தெரியாமல், பயத்தோடு வந்து நின்றவர்களுக்கு லாட்ஜ் எது, மீன்குழம்புச் சாப்பாடு எங்கே கிடைக்கும், ரிப்போர்ட் எத்தனை மணிக்கு வரும் என்று பதினாறு வருடம் சொன்னவர் நீங்கள். வெளியூரில் வந்து நிற்பவருக்கு முதல் வாரம் என்ன தேவைப்படும் என்று உங்களுக்கு அத்துப்படி. இது வேலூர் உங்களுக்குக் கற்றுக்கொடுத்தது. பெங்களூருவிலும் நோயாளிகள் எல்லா ஊரிலிருந்தும்தான் வருகிறார்கள், உங்கள் வங்காளம் வீணாகாது.

இப்போது உங்கள் கடிதத்தில் ஒரே வரியில் கடந்துபோன இடத்துக்கு வருகிறேன். அம்மா.

அகழிக்கு நாலு வரி எழுதிய நீங்கள், அம்மாவுக்கு "அவரையும் அழைத்துப் போய்விடலாம்" என்று ஒரு வரிதான் எழுதினீர்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள். போனால் உங்களை விட அதிகமாக இழக்கப்போவது அவர். உங்களுக்கு அங்கே வேலை இருக்கும், கூட வேலை செய்பவர்கள் இருப்பார்கள், மாதச் சம்பளம் வரும். அவருக்கு என்ன இருக்கும்? வாசலில் நின்றால் பேச ஒருவர், கடன் சொல்லிக் காய்கறி வாங்க ஒரு தள்ளுவண்டி, வெள்ளிக்கிழமை கோயிலில் பூக்காரி, இதெல்லாம் மூன்றாவது மாடி ஃபிளாட்டில், கன்னடம் பேசும் தெருவில், 67 வயதில் புதிதாகக் கிடைக்குமா? நாடெல்லாம் ரயிலேறி வருகிற ஆஸ்பத்திரி அவருக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. வயதானவரை அதை விட்டு ஏன் அவசரமாகக் கிளப்ப வேண்டும்?

நான் குடியாத்தத்தில் வளர்ந்தவள். வேலைக்காகச் சென்னைக்குப் போன முதல் வருடம், மாதம் நான்கு முறை ஊருக்கு ரயிலேறினேன். திரும்பும்போது அம்மா பையில் இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காயும் வறுத்த வேர்க்கடலையும் கட்டிக் கொடுப்பார். அடுத்த வருடம் அது மாதம் இரண்டானது. அப்புறம் பொங்கலுக்கும், வைகாசியில் கெங்கையம்மன் சிரசு திருவிழாவுக்கும் மட்டும் என்று ஆனது. குறைந்ததை நான் கவனிக்கவே இல்லை. அம்மா கவனித்திருக்கிறார். அவர் காலமான பிறகு, அரிசி மண்டிக் காலண்டர்களில் நான் வந்த தேதிகளை அவர் வட்டம் போட்டு வைத்திருந்ததைப் பார்த்தேன். வருடத்துக்கு வருடம் வட்டங்கள் குறைந்துகொண்டே வந்தன. அந்தக் காலண்டர்கள் இன்னும் என் பீரோவில் இருக்கின்றன.

அதனால் சொல்கிறேன். முதல் ஒரு வருடம் நீங்கள் மட்டும் போங்கள். வேலப்பாடி வீட்டைக் காலி செய்ய வேண்டாம். அம்மாவுக்கு நல்ல ஆரோக்கியம் இருந்து, இரவில் கூப்பிட்டால் வர அக்கம்பக்கத்தில் ஒருவர் இருந்தால் இது முடியும். நீங்கள் அங்கே ஒரு பி.ஜி.யில், அதாவது மாதப் பணம் கட்டித் தங்கும் விடுதியில், தங்கினால் பெரிய அட்வான்ஸும் மிச்சம். அண்ணன் வீட்டில் தங்குவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். விருந்தாளியாக இருங்கள், உறவு நன்றாக இருக்கும். பெங்களூருவிலிருந்து காட்பாடிக்கு ரயிலில் மூன்றரை, நான்கு மணி நேரம்தான். மாதம் இரண்டு முறை வருவது என்று முடிவெடுத்தால், அந்தத் தேதிகளுக்கு முன்கூட்டியே டிக்கெட் போட்டுவிடுங்கள். கையில் டிக்கெட் இருந்தால் உடம்பு தானாகக் கிளம்பும். இல்லாவிட்டால் வேலையும் அலுப்பும் ஒவ்வொரு வாரமும் ஒரு காரணம் கண்டுபிடிக்கும். வருட முடிவில் அம்மாவே உன்னோடு வருகிறேன் என்றால் அப்போது வீட்டை விடலாம். நீங்களே திரும்பி வந்தாலும், சூப்பர்வைசராக இருந்த அனுபவத்தோடு வருவீர்கள். வேலூரில் லேபுகளுக்குப் பஞ்சம் இல்லை.

நீங்கள் இல்லாத நேரத்தில் ஊர் மாறிவிடும் என்ற பயமும் உங்களுக்கு இருக்கலாம். நான் பிறந்தபோது எங்கள் வீட்டு முகவரியில் வட ஆற்காடு மாவட்டம் என்று இருந்தது. 1989-இல் திருவண்ணாமலையைப் பிரித்தார்கள். பிறகு பெயர் வேலூர் என்று ஆனது. 2019-இல் அதையும் மூன்றாக்கி ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று தனி மாவட்டங்கள் வந்தன. வீட்டை விட்டு நகராமல் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தவர்களுக்கும் ஊர் மாறிக்கொண்டுதான் இருந்தது. எங்கள் தெருப் பெரியவர்கள் இன்னும் வட ஆற்காடு என்றுதான் சொல்கிறார்கள்.

மாதக் கடைசிக்குள் ஒரு வேலை மட்டும் செய்யுங்கள். அம்மாவிடம் கேளுங்கள். அண்ணன் போனில் இருக்கும்போது கேட்காதீர்கள். "என்னம்மா சொல்ற?" என்று கேட்டால் "உன் இஷ்டம்மா" என்றுதான் பதில் வரும், நம் அம்மாக்களுக்கு வேறு பதில் பழக்கமில்லை. "நான் போனா, இங்கே தனியா இருக்க உனக்கு என்னென்ன வேணும்?" என்று கேளுங்கள். பதில் வர நேரமாகலாம். காத்திருங்கள்.

எங்கே வைத்துக் கேட்பது என்பதற்கும் ஒரு யோசனை இருக்கிறது. அகழி ஓரத்து நடையில் நீங்களும் அப்பாவும் இருக்கிறீர்கள். அவருக்குப் பிறகு நீங்கள் மட்டும் இருக்கிறீர்கள். அம்மா ஒரு நாளாவது அந்த நடைக்கு வந்ததாக உங்கள் கடிதத்தில் எங்கேயும் இல்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், வெயில் ஏறுவதற்கு முன்னால், அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.