ஃப்ளைட் சிமுலேட்டர்ல சென்னை டு கோயம்புத்தூர், செஸ்னா 172 குட்டி விமானத்துல: கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

அண்ணா, 4,500 அடியில ஆட்டோபைலட் போட்டுட்டு டீ போட போனேன், திரும்பி வந்தா ஸ்கிரீன்ல கிராஷ். மேற்கால போறப்ப இரட்டைப்படை ஆயிரம் + 500 தானே ரூலு?

ரூல் சரிதான் தம்பி, மலைக்கு தான் ரூல் தெரியாது. ஸ்கேல் வச்சு சென்னைலேருந்து கோவைக்கு ஒரு கோடு போட்டு பாருங்க. சுமார் 218 நாட்டிகல் மைல், திருவண்ணாமலை இடது பக்கம் போகும், சாத்தனூர் அணை கிட்டத்தட்ட காலுக்கு கீழ, அப்புறம் 136வது மைல்ல கோடு நேரா ஏற்காட்டு மேல ஏறுது. சேர்வராயன் உச்சி 5,300 அடி. நீங்க 4,500ல போனா ஏற்காடு ஏரிய கூட பாத்துருக்க மாட்டீங்க, ஏரியே 4,500 அடிக்கு பக்கத்துல தான் இருக்கு. 6,500 போங்க.

அதோட முக்கியமான விஷயம், ஊசி மீட்டர் இருக்குற 172னா ஹெடிங் ஜைரோ (திசை காட்டுற மீட்டர்) கொஞ்சம் கொஞ்சமா நழுவும். கால் மணிக்கு ஒரு தடவ டி (D) கீய அமுக்கி காம்பஸோட சேத்துக்குங்க.

எந்த ஜாய்ஸ்டிக் வாங்கலாம் ப்ரோ?

கையில இருக்குறது போதும்.

ஜிபிஎஸ் இல்லாம போகணும்னு ஆசை சார், ஜூலைல லைவ் வெதர் வச்சு கிளம்புனா வழி தப்பிடுறேன்.

வாங்க, இதுக்காக தான் உக்காந்திருக்கேன். மேப்ல திசை 237, நம்ம ஊர்ல காம்பஸ் பிழை ஒண்ணு ரெண்டு டிகிரி தான், 238னு வச்சுக்கலாம். ஜூலைல பாலக்காட்டு கணவாய் வழியா மேற்கு காத்து பிச்சுக்கிட்டு வரும். 270 டிகிரிலேருந்து 20 நாட்னு (மணிக்கு 20 நாட்டிகல் மைல்) வைங்க, வண்டி 110 நாட்ல போகுதுன்னா மூக்க 6 டிகிரி வலது பக்கம் திருப்பி 244 பிடிக்கணும், தரை வேகம் 92க்கு இறங்கிடும், ரெண்டு மணி நேரத்துல போறது ரெண்டே கால் தாண்டிடும். பெட்ரோலுக்கு பயமில்ல, மணிக்கு 9 கேலன்னாலும் 21, டேங்க்ல 53 இருக்கு. 80வது மைல்ல திருவண்ணாமலை வரும், கோட்ட விட்டு 4 மைல் தள்ளியிருந்தா 3 டிகிரி தப்பு, 60 மைலுக்கு ஒரு மைல்னா ஒரு டிகிரி, அவ்ளோதான் கணக்கு. காவிரியும் பவானியும் கூடுற இடம் 173வது மைல், அது மூக்குக்கு கீழ வந்துச்சுன்னா நீங்க ஜெயிச்சுட்டீங்க. வரலைன்னா டி அமுக்கல.

சேலம்காரன் பேசுறேன். எதுக்கு மலை மேல ஏறணும்? உளுந்தூர்பேட்டை, ஆத்தூர்னு ரோட்ட புடிச்சு வந்தா 4,500லயே வரலாம்.

வரலாம், கல்வராயனுக்கும் பச்சமலைக்கும் நடுவுல வழி இருக்கு. மேகம் தாழ இருந்தா நானே அப்படி தான் வருவேன்.

ரோடா? ஜோலார்பேட்டைலேருந்து தண்டவாளத்த புடிங்க, மொரப்பூர், பொம்மிடி, லோக்கூர்னு சேலத்துல இறக்கி விடும்.

வந்துட்டாருய்யா ரயில்வே. ஐஎஃப்ஆர்னா வெளிய பாக்காம மீட்டர பாத்து பறக்குற விதி, பைலட்டுங்க அத "ஐ ஃபாலோ ரயில்வேஸ்"னு கிண்டல் பண்ணுவாங்க, இவர் நிஜமாவே பண்றாரு. ஆனா லோக்கூர் பக்கம் ரெண்டு பக்கமும் மலை, மழைல மாட்டுனா திரும்ப இடம் கம்மி.

சேலம்காரன்: அதான் சொன்னேன், ஆத்தூர்.

ரயில்வே: ஆத்தூர்ல மட்டும் மழை பெய்யாதா?

ரெண்டு பேரும் பறந்துட்டு நேரத்த சொல்லுங்க, இங்க அடிச்சுக்காதீங்க.

என் பிசிக்கு எந்த கிராஃபிக்ஸ் கார்டு...

என் ஏரியா இல்ல.

கோவைல இறங்கும்போது ஒவ்வொரு தடவையும் 1,000 அடிக்கு இறக்கிடுறேன், தரை வந்து அடிக்குது.

கோவை ரன்வேயே 1,300 அடிக்கு மேல இருக்கு, மீனம்பாக்கம் மாதிரி கடல் மட்டத்துல இல்ல. சர்க்யூட்டுக்கு (இறங்குறதுக்கு முன்னாடி ரன்வேய சுத்தி வர்றதுக்கு) 2,300 வைங்க, பி (B) அமுக்கி உயரம் காட்டுற ஆல்டிமீட்டர சரி பண்ணுங்க. மேற்கு காத்துன்னா ரன்வே 23, நீங்க வர்ற திசைக்கே நேரா கிடக்கும், சுத்தவே வேண்டாம்.

ஜாய்ஸ்டிக் பத்தி சொல்லவே இல்லையே அண்ணா?

மேல பாருங்க.

பவானி வரவே இல்ல சார், மேட்டூர் அணை வந்துடுச்சு.

வலது பக்கம் 15 மைல் போயிட்டீங்க. டி அமுக்குனீங்களா?